போட்டோ சாப்ட்வேர் வாங்கும் முன் ஒரு கேள்வி

என் சித்தப்பா மகள் இந்த ஆண்டு கல்லூரியில் சேர்ந்தாள். சித்தப்பா அவளுக்கு ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. படிக்கிற பிள்ளைக்கு இது தாராளமாகப் போதும். வாங்கிய மறுநாளே எனக்கு போன் வந்தது.

"அண்ணே, போட்டோவை அடுக்கி வைக்கவும் எடிட் பண்ணவும் ஒரு சாப்ட்வேர் பார்த்தேன். மாசம் 500 ரூபா கேக்குது. அப்பாக்கிட்ட கேக்கவா? இல்லேன்னா ஹாஸ்டல்ல ஒரு அக்கா கிராக் பண்ணுன காப்பி தர்றேன்னாங்க. அதைப் போட்டுக்கவா?"

"ரெண்டும் வேணாம். ஞாயித்துக்கிழமை நான் வர்றேன். அதுவரைக்கும் எதையும் இன்ஸ்டால் பண்ணாத" என்றேன்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் மாணவர்கள் பலருக்கும் இதே கேள்விதான். கையில் பணம் குறைவு, போனில் படங்கள் அதிகம். எந்த சாப்ட்வேர் நல்லது என்று தேடினால் நூறு பெயர்கள் வருகின்றன. நான் சாப்ட்வேர் துறையில் வேலை பார்ப்பவன். ஆனால் இந்த விஷயத்தில் என்ன பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை அலுவலகத்தில் கற்கவில்லை. கல்லூரி நாட்களில் செய்த ஒரு தவறுதான் கற்றுக்கொடுத்தது.

அப்பத்தாவின் ஆல்பம்

2016-ல் நான் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது வீட்டில் இருந்த பழைய ஆல்பங்களை எடுத்து, நண்பனிடம் வாங்கி வந்த ஸ்கேனரில் 140 படங்களை ஸ்கேன் செய்தேன். பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்கள். அப்பத்தா பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு படத்துக்கும் ஆள் சொன்னார். மலாயாவில் ஒரு கடை வாசலில் நான்கு பேர் நிற்கும் படம் ஒன்று உண்டு. அந்த நால்வரின் பெயரையும், யார் எந்த வருடம் கப்பல் ஏறினார் என்பதையும்கூடச் சொன்னார். நான் அத்தனையையும் ஓர் இலவச போட்டோ ஆர்கனைசர் புரோகிராமில் டைப் செய்தேன். மூன்று நாள் வேலை.

விடுமுறை முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பியதும், நண்பன் ஒருவன் விலை உயர்ந்த போட்டோ எடிட்டர் ஒன்றின் கிராக் காப்பியைப் பென்டிரைவில் கொடுத்தான். "ஆன்ட்டி வைரஸை ஆப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்" என்று அதிலேயே குறிப்பு இருந்தது. அப்படியே செய்தேன். ஒரே வாரத்தில் கம்ப்யூட்டர் திறக்கவே மறுத்தது. சர்வீஸ் கடையில் சி டிரைவை பார்மட் செய்து விண்டோஸை மறுபடி போட்டுக் கொடுத்தார்கள். படங்கள் டி டிரைவில் இருந்ததால் தப்பின என்று மகிழ்ந்தேன்.

பிறகு அந்த ஆர்கனைசர் புரோகிராமை மறுபடி இன்ஸ்டால் செய்து திறந்தேன். 140 படங்களும் வந்தன. ஒரு பெயர்கூட வரவில்லை. நான் டைப் செய்த பெயர்கள் படங்களோடு சேரவே இல்லை. அந்தப் புரோகிராம் சி டிரைவில் தனக்கென்று வைத்திருந்த டேட்டாபேஸ் பைலில்தான் அவை இருந்தன. பார்மட்டோடு அது போய்விட்டது.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பத்தாவிடம் மறுபடி கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். செமஸ்டர், புராஜெக்ட் என்று தள்ளிக்கொண்டே போனது. 2018 ஜனவரியில் அப்பத்தா இறந்துவிட்டார்.

இரண்டு வேலைகள், ஒரு கேள்வி

போட்டோ சாப்ட்வேர் என்று பொதுவாகச் சொன்னாலும் இதில் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. ஒன்று, படங்களை அடுக்கி, பெயரிட்டு, வேண்டும்போது தேடி எடுப்பது. இதற்கானவை ஆர்கனைசர் புரோகிராம்கள். மற்றொன்று, படத்தை வெட்டுவது, வெளிச்சம் கூட்டுவது, எழுத்துச் சேர்ப்பது. இதற்கானவை எடிட்டர் புரோகிராம்கள். இரண்டையும் ஒரே புரோகிராம் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எடிட்டரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஆர்கனைசரை மாற்றுவதுதான் கஷ்டம். ஆண்டுக்கணக்கில் நாம் போடும் உழைப்பு அதற்குள் இருக்கிறது. எனவே ஆர்கனைசரை முதலில் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நாளைக்கு இந்தப் புரோகிராம் இல்லாமல் போனால், நான் எழுதிய பெயர்களும் குறிப்புகளும் எங்கே இருக்கும்?"

இப்படிக் கேட்பது வீண் பயம் இல்லை. பிகாசாவைப் பலருக்கு நினைவிருக்கும். 2004-ல் கூகுள் அந்த நிறுவனத்தை வாங்கி, புரோகிராமை இலவசமாகக் கொடுத்தது. 2016 மார்ச்சில் பிகாசாவுக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. கூகுள் போட்டோஸ் 2015-ல் வந்தபோது சற்றே சுருக்கிய படங்களை அளவில்லாமல் இலவசமாக வைத்துக்கொள்ள முடிந்தது. 2021 ஜூன் 1 முதல் புதிதாக ஏற்றும் படங்கள் எல்லாம் 15 ஜிபி கணக்கில் சேர்கின்றன. அதே 15 ஜிபியில்தான் ஜிமெயிலும் டிரைவும் இருக்கின்றன. ஒரு படம் 4 எம்பி என்று வைத்துக்கொண்டால் அதில் சுமார் 3,750 படங்கள்தான் அடங்கும். அடோபியின் போட்டோஷாப்பை ஒரே முறை பணம் கட்டி வாங்கக்கூடிய கடைசிப் பதிப்பு 2012-ல் வந்த சிஎஸ் 6. லைட்ரூமுக்கு அது 2015-ல் வந்த 6-வது பதிப்பு. அதன் பிறகு இரண்டும் சந்தாதான்.

நிறுவனங்கள் தங்கள் கணக்கைப் பார்த்து முடிவெடுக்கின்றன. நாம் நம் கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெயர் படத்துக்குள்ளேயே இருக்கட்டும்

ஒரு ஜேபெக் படத்தில் படம் மட்டும் இருப்பதில்லை. எடுத்த தேதி, கேமரா விவரம் போன்றவை அந்தப் பைலுக்குள்ளேயே எழுதப்படுகின்றன. இவற்றை மெட்டாடேட்டா என்கிறார்கள். அதே இடத்தில் நாமும் பெயர், ஊர், குறிப்பு ஆகியவற்றை எழுதலாம். தமிழிலேயே எழுதலாம். அப்படி எழுதினால் பைலை எங்கே காப்பி செய்தாலும் பெயரும் கூடவே போகும். படத்தின் தரம் இதனால் குறையாது.

இதைச் செய்யும் இலவசப் புரோகிராம்களில் நான் பரிந்துரைப்பது டிஜிகாம். இது விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். ஓப்பன் சோர்ஸ் புரோகிராம் என்பதால் சந்தாவும் இல்லை, விளம்பரமும் இல்லை. பயன்படுத்தும் முறை இதுதான்:

1. படங்களை எல்லாம் ஒரே பெரிய போல்டருக்குள் கொண்டு வாருங்கள். உள்ளே ஆண்டுக்கு ஒரு போல்டர், அதற்குள் நிகழ்ச்சிக்கு ஒரு போல்டர். போல்டர் பெயரைத் தேதியில் தொடங்குங்கள். உதாரணமாக "2025-01-14 பொங்கல்". ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் தானாகவே தேதிப்படி அடுக்கிக்கொள்ளும்.

2. டிஜிகாமை முதல்முறை திறக்கும்போது அது சில கேள்விகள் கேட்கும். படங்கள் எந்த போல்டரில் இருக்கின்றன என்ற கேள்விக்கு மேலே சொன்ன போல்டரைக் காட்டுங்கள்.

3. தகவல்களைப் பைல்களிலும் எழுத வேண்டுமா என்று ஒரு பக்கத்தில் கேட்கும். பலரும் படிக்காமல் நெக்ஸ்ட் கொடுத்துவிடும் பக்கம் இது. இங்கே பைலில் எழுதுவதற்கான ஆப்ஷனைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே தாண்டிப் போய்விட்டீர்களா? செட்டிங்ஸ் மெனுவில் கான்பிகர் டிஜிகாம் சென்று, மெட்டாடேட்டா என்ற பகுதியைத் திறந்து, டேக்ஸ், கேப்ஷன் ஆகியவற்றுக்கு எதிரே டிக் செய்து ஓகே கொடுங்கள்.

4. ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, வலப்பக்கம் உள்ள கேப்ஷன்ஸ் பட்டையைத் திறங்கள். அங்கே குறிப்பு எழுதவும் டேக் சேர்க்கவும் இடம் இருக்கும். எழுதியபின் அப்ளை பட்டனை அழுத்த மறக்காதீர்கள்.

முகங்களைக் கண்டுபிடிக்கும் வசதியும் டிஜிகாமில் உண்டு. ஒருவருடைய சில படங்களுக்கு நாம் பெயர் கொடுத்தால், மற்றப் படங்களில் அவரைத் தேடிக் காட்டும். இதற்குச் சில கூடுதல் பைல்களை ஒருமுறை டவுன்லோட் செய்ய அனுமதி கேட்கும். அதன் பிறகு வேலை முழுவதும் உங்கள் கம்ப்யூட்டரிலேயே நடக்கும்.

இரண்டு நிமிடச் சோதனை

என் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். டிஜிகாம் ஆகட்டும், வேறு எந்த ஆர்கனைசர் ஆகட்டும், முழு ஆல்பத்தையும் ஒப்படைக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். ஒரு படத்தை மட்டும் காப்பி எடுத்து அதற்கு ஒரு டேக் கொடுங்கள். புரோகிராமை மூடிவிட்டு, அந்தப் பைலைப் பென்டிரைவில் வேறொரு கம்ப்யூட்டருக்குக் கொண்டு போங்கள். விண்டோஸில் பைல் மீது ரைட் க்ளிக் செய்து, பிராபர்டீஸ், டீடெய்ல்ஸ் என்று செல்லுங்கள். டேக்ஸ் என்ற வரியில் நீங்கள் கொடுத்த பெயர் தெரிகிறதா? தெரிந்தால் அந்த ஆர்கனைசரை நம்பலாம். 2016-ல் இந்த இரண்டு நிமிடத்தை நான் செலவழித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

இன்னொரு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் பைல் சுருங்குவதோடு மெட்டாடேட்டாவும் நீங்கிவிடும். டாக்குமென்ட் ஆக அனுப்பினால் அப்படியே போகும். போனிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படம் ஏற்ற யுஎஸ்பி கேபிளே நல்லது.

எடிட் செய்ய எது?

இதில் எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. நீங்கள் செய்யும் வேலையைப் பொறுத்தது.

வெட்டுவது, திருப்புவது, அளவு குறைப்பது மட்டும் போதும் என்பவர்களுக்கு இர்பான்வியூ. வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்த இர்பான் ஸ்கில்ஜான் எழுதிய புரோகிராம். 1996 முதல் வருகிறது. சொந்த உபயோகத்துக்கும் கல்விக்கும் இலவசம். 10 எம்பிக்கும் குறைவான டவுன்லோட் என்பதால் பழைய கம்ப்யூட்டரிலும் சட்டென்று திறக்கும். பி என்ற கீயை அழுத்தினால் நூறு படங்களை ஒரே நேரத்தில் அளவு குறைக்கும் விண்டோ வரும். விண்டோஸுக்கு மட்டும்தான் உண்டு.

லேயர் வைத்து எளிய போஸ்டர் செய்ய விரும்புபவர்களுக்கு பெயின்ட் டாட் நெட். 2004-ல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக மாணவர்களின் புராஜெக்ட் ஆகத் தொடங்கியது. இதுவும் விண்டோஸுக்கு மட்டும். ஒரு விஷயம் கவனியுங்கள்: அவர்களுடைய வெப்சைட்டில் இது இலவசம். மைக்ரோசாப்ட் ஸ்டோரில் வாங்கினால்தான் பணம்.

எல்லா வேலையும் வேண்டும் என்பவர்களுக்கு ஜிம்ப். இதுவும் மாணவர்கள் தொடங்கியதுதான். கலிபோர்னியா பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரு மாணவர்கள் 1995-ல் எழுதத் தொடங்கினார்கள். 2025 மார்ச்சில் இதன் 3.0 பதிப்பு வந்தது. பில்டர்களைப் போட்டபின் வேண்டாம் என்றால் பிறகு எடுத்துவிடும் வசதி இந்தப் பதிப்பில் சேர்ந்திருக்கிறது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். யுனிகோட் தமிழ் எழுத்தும் சரியாக வரும். புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பைல் மெனுவில் சேவ் கொடுத்தால் ஜிம்ப்பின் சொந்த பார்மட்டில்தான் சேவ் ஆகும். ஜேபெக் வேண்டுமானால் எக்ஸ்போர்ட் அஸ் கொடுக்க வேண்டும்.

எதையும் இன்ஸ்டால் செய்ய முடியாத கல்லூரி லேப் கம்ப்யூட்டரில் வேலையா? பிரவுசரிலேயே இயங்கும் போட்டோபியா உதவும். போட்டோஷாப்பின் பைல்களையும் திறக்கும். இலவசம்தான், பக்கத்தில் விளம்பரம் ஓடும்.

அபினிட்டி என்ற புரோகிராம் முன்பு விலைக்கு விற்கப்பட்டது. கேன்வா நிறுவனம் 2024-ல் அதை வாங்கி, 2025 அக்டோபர் இறுதியில் இலவசமாக்கியது. தரமானது. ஆனால் கேன்வாவில் ஒரு கணக்குத் தொடங்க வேண்டும். பிகாசாவின் கதையை நினைவில் வைத்துக்கொண்டு பயன்படுத்துங்கள்.

பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 4000 x 3000 புள்ளிகள் கொண்ட படம் டிஸ்கில் 4 எம்பிதான் இருக்கும். திறந்ததும் ராமில் குறைந்தது 36 எம்பி பிடிக்கும். லேயர் சேர்க்கச் சேர்க்க இது பெருகும். 2 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டரில் பெரிய எடிட்டர்கள் திணறுவது இதனால்தான். அதில் இர்பான்வியூவே போதும்.

விண்ணப்ப போட்டோ நீங்களே செய்யலாம்

மாணவர்கள் போட்டோ எடிட்டரை அதிகம் தேடுவது தேர்வு விண்ணப்பத்துக்குத்தான். வங்கித் தேர்வுக்கான ஐபிபிஎஸ் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம். போட்டோ 200 x 230 பிக்சல், 20 முதல் 50 கேபிக்குள் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். இதற்கு பிரவுசிங் சென்டரில் பணம் கொடுக்க வேண்டியதில்லை. இர்பான்வியூவில் படத்தைத் திறந்து, மவுஸால் முகத்தைச் சுற்றிக் கட்டமிட்டு, கண்ட்ரோல் + ஒய் அழுத்தினால் வெட்டப்படும். பிறகு கண்ட்ரோல் + ஆர் அழுத்தி அளவைக் கொடுங்கள். எஸ் கீயை அழுத்தி, ஜேபெக் பார்மட்டில் புதிய பெயரில் சேவ் செய்யுங்கள். பைல் 50 கேபியைத் தாண்டினால் குவாலிட்டி எண்ணைக் குறைத்தும், 20 கேபிக்குக் கீழே போனால் உயர்த்தியும் மறுபடி சேவ் செய்யுங்கள்.

ஒவ்வொரு முறையும் ஒரிஜினல் படத்திலிருந்தே தொடங்குங்கள். ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்தி அதன் மேலேயே சேவ் செய்தால் தரம் குறைந்துகொண்டே போகும்.

பணம் கொடுத்து வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம், அதனால் வருமானம் வரும் என்றால். கல்யாண போட்டோ எடுப்பவர், டிசைன் வேலைக்குப் போக இருப்பவர் போன்றோருக்கு அந்தத் துறையில் புழங்கும் சாப்ட்வேர் தெரிந்திருக்க வேண்டும். மற்றவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 500 ரூபாய் என்றால் நான்கு ஆண்டுப் படிப்பு முடிவதற்குள் 24,000 ரூபாய். மாணவர் சலுகை என்று விளம்பரம் வந்தால், அந்த விலை முதல் ஆண்டுக்கு மட்டுமா என்று பாருங்கள். சந்தாவை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள். உதாரணமாக லைட்ரூம் கிளாசிக்கில் சந்தா முடிந்தாலும் படங்களைப் பார்க்கலாம், எக்ஸ்போர்ட் செய்யலாம். டெவலப் பகுதியில் திருத்தத்தான் முடியாது.

கிராக் காப்பி மட்டும் வேண்டாம். சட்டப்படி தவறு என்பது ஒருபுறம். ஆன்ட்டி வைரஸை நிறுத்தச் சொல்லும் ஒரு பைலை நம் வீட்டுக்குள் விடுகிறோம் என்பது மறுபுறம். இலவசப் புரோகிராமிலும் கவனம் தேவை. 2022-ல் கூகுள் தேடலில் ஜிம்ப் பெயரில் வந்த ஒரு விளம்பரம் போலி வெப்சைட்டுக்குக் கொண்டு போய் வைரஸைக் கொடுத்தது. தேடல் முடிவில் மேலே வரும் விளம்பரங்களை விட்டுவிட்டு, அந்தந்தப் புரோகிராமின் சொந்த வெப்சைட்டிலிருந்தே டவுன்லோட் செய்யுங்கள்.

சாப்ட்வேரில் மிச்சமாகும் பணத்தில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். மாணவனுக்கு உண்மையில் தேவையான செலவு இதுதான். முக்கியமான படங்களுக்கு மூன்று காப்பி இருக்கட்டும்: லேப்டாப்பில் ஒன்று, டிஸ்கில் ஒன்று, உறவினர் வீட்டிலோ இண்டர்நெட்டிலோ ஒன்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை

சொன்னபடி சித்தப்பா வீட்டுக்குப் போனேன். டிஜிகாம், இர்பான்வியூ, ஜிம்ப் மூன்றையும் இன்ஸ்டால் செய்தோம். செலவு இல்லை. பிறகு அந்த 140 படங்களையும் அவளுடைய லேப்டாப்பில் ஏற்றினேன். அங்கே வந்திருந்த பெரிய அத்தையை லேப்டாப் முன்னால் உட்கார வைத்தோம். அத்தைக்கு 78 வயது. அவர் சொல்லச் சொல்ல அவள் டைப் செய்தாள். அப்ளை கொடுத்ததும் முதல் படத்தை என் லேப்டாப்புக்குக் காப்பி செய்து, பிராபர்டீஸில் பெயர் இருக்கிறதா என்று அவளே பார்த்துக்கொண்டாள்.

மாலைக்குள் 61 படங்களுக்குப் பெயர் கிடைத்தது. மலாயாக் கடைப் படத்தில் இருந்த நால்வரில் இருவரை மட்டும் அத்தைக்குத் தெரிந்தது. மற்ற இருவரை அத்தையும் பார்த்ததில்லை. அவர்களுக்கு நேரே "பெயர் தெரியவில்லை" என்று டைப் செய்தோம்.

உங்கள் வீட்டிலும் பழைய ஆல்பம் இருக்கும். அதைப் பார்த்துப் பெயர் சொல்லக்கூடியவர் ஒருவரும் இருப்பார். சாப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறது. அவர் ஊரில் இருக்கும்போதே லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள்.